ஆளுக்குப் பாதி நேரம் கொடுத்தால் நடுநிலை ஆகிவிடுமா?

கருக்கலைப்பு விவாதத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்க நினைக்கும் ஒரு நேயர், "இரண்டு தரப்புக்கும் சரிபாதி நேரம் கொடுத்துவிட்டால் படம் நடுநிலையாகிவிடும் அல்லவா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆகாது. நிமிடக் கணக்கெல்லாம் டிவி விவாதத்துக்குச் சரி. ஆவணப்படத்தில் யாரோடு எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்பதுதான் கணக்கு.

டோனி கே எடுத்த 'லேக் ஆஃப் ஃபயர்' 2006-ல் வந்தது. இரண்டரை மணி நேரம், கறுப்பு வெள்ளை. படப்பிடிப்பு தொண்ணூறுகளிலேயே தொடங்கிவிட்டது. அதில் பால் ஹில் என்று ஒருவர் வருகிறார். கருக்கலைப்பு செய்யும் டாக்டர்களைக் கொல்வது நியாயம்தான் என்று வாதாடியவர். 1994 ஜூலையில், புளோரிடாவின் பென்சகோலாவில், டாக்டர் ஜான் பிரிட்டனையும் அவருக்குத் துணையாக வந்தவரையும் அவரே சுட்டுக் கொன்றார். 2003-ல் மரண தண்டனை நிறைவேறியது. ஒரே வாரத்தில் பேட்டி எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தால், அவர் வெறும் வாய்ச்சவடால் ஆசாமியாகத்தான் படத்தில் இருந்திருப்பார்.

அதற்காகக் கருக்கலைப்பை ஆதரிக்கும் தரப்புக்கு இயக்குநர் சலுகை காட்டவில்லை. கருக்கலைப்பு சிகிச்சையையும் அப்படியே காட்டுகிறார். பார்ப்பது கஷ்டம், முன்பே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் கொஞ்சம் நெளியத்தான் வேண்டிவரும்.

இதைவிடச் சிக்கலானவர் நார்மா மெக்கார்வி. அமெரிக்காவில் கருக்கலைப்பை உரிமையாக்கி 1973-ல் தீர்ப்பான ரோ எதிர் வேட் வழக்கில் 'ஜேன் ரோ' என்ற பெயரில் இருந்தவர் அவர்தான். 1995-ல் கருக்கலைப்பை எதிர்க்கும் முகாமுக்குப் போய்விட்டார். டோனி கேயின் படத்தில் அந்த முகாமில் இருந்துதான் பேசுகிறார். 2017-ல் இறந்தார். மூன்று வருடம் கழித்து வெளியான 'ஏகேஏ ஜேன் ரோ' படத்தில், காசு வாங்கிக்கொண்டு சொல்லச் சொன்னதைச் சொன்னேன், எல்லாம் நடிப்பு என்கிறார்! அந்த முகாமில் அவரோடு பழகியவர்கள் சிலர் அதை மறுத்தார்கள். இரண்டு பேச்சுமே அவர் வாயால் வந்தவைதான். சரிபாதி கொடுப்பதென்றால் இவரை எந்தப் பாதியில் வைப்பீர்கள்?

அப்புறம், இடம். 2010-ல் வந்த 'ட்வெல்த் அண்ட் டெலவேர்' படத்தைப் பாருங்கள். புளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில் ஒரு தெருமுனை. ஒரு பக்கம் கருக்கலைப்பு கிளினிக், எதிரே கருவைக் கலைக்க வேண்டாம் என்று மனதை மாற்றும் மையம். இரண்டுக்குள்ளும் கேமரா போயிருக்கிறது. கிளினிக் என்று நினைத்து எதிர்க் கட்டடத்துக்குள் நுழைந்துவிடும் பெண்களும் உண்டு. நிபுணர்களை வரிசையாக உட்காரவைத்துப் பேட்டி எடுத்திருந்தால் இது கிடைத்திருக்காது. உங்கள் படத்துக்கும் முதலில் அப்படி ஒரு தெருமுனையைத் தேடுங்கள். பேட்டிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.