அடுத்த அப்டேட் எப்போது வரவேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். இணையத்தில் பலர் குழுவாகச் சேர்ந்து ஆடும் போர் உத்தி விளையாட்டுகளில் புதிய நிலைகளும் புதிய படைகளும் எந்த வேகத்தில் வந்து சேரவேண்டும் என்பதைப் பற்றி, அவற்றைப் பல ஆண்டுகளாக ஆடிவருபவன் என்ற முறையில் பேச விரும்புகிறேன்.

வேலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் தெரிந்த கிளாஷ் ஆஃப் கிளான்ஸையே எடுத்துக்கொள்வோம். பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட அந்த விளையாட்டில், ஊரின் நடுவே நிற்கும் முதன்மைக் கட்டடமான டவுன் ஹால் எத்தனையாவது நிலையில் இருக்கிறது என்பதை வைத்தே ஒருவருடைய வளர்ச்சியை மதிப்பிடுகிறார்கள். 11-ஆம் நிலை 2015 டிசம்பரில் வந்தது. அடுத்ததற்கு 2018 ஜூன் வரை, முழுதாக 30 மாதம் காத்திருக்க நேர்ந்தது. பிறகு 2019 டிசம்பர், 2021 ஏப்ரல், 2022 அக்டோபர் என்று ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு ஒரு நிலை வந்தது. 16-ஆம் நிலை 2023 டிசம்பரில் வந்தது. 17-ஆம் நிலையோ அதிலிருந்து 11 மாதத்திலேயே, 2024 நவம்பரில் வந்துவிட்டது.

30 மாதம் என்பது அதிகம்தான். எல்லாவற்றையும் கட்டி முடித்தவருக்கு அதற்குள் சலிப்புத் தட்டிவிடும். ஆனால் 11 மாதம் குறைவு என்பதே என் எண்ணம். கட்டடங்களை உயர்த்த ஒருவரிடம் இருப்பவர்கள் ஐந்து அல்லது ஆறு பில்டர்கள்தாம். படைகளை மேம்படுத்தும் லேபிலோ ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் நடக்கும். அதற்குச் செலவிடும் எலிக்சர் என்ற பொருள் கையில் எவ்வளவு குவிந்திருந்தாலும் அந்த வரிசை நகர்ந்தால்தான் உண்டு. பழைய நிலைகளின் கட்டுமான நேரத்தை அவ்வப்போது குறைத்துவருகிறார்கள், 2025 மார்ச்சில் படை தயாராகக் காத்திருக்கும் நேரத்தையே நீக்கினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். வரவேற்கத்தக்க மாற்றங்கள்தாம் அவை. என்றாலும் லேபின் வரிசை அப்படியேதான் இருக்கிறது.

நான் இருக்கும் குழு ஆடுவது இதே வகையைச் சேர்ந்த வேறொரு விளையாட்டு. காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று பல ஊர்களிலிருந்து பதினைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். அதில் ஒருவர் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவர். நனைந்த கையோடு தொடவேண்டியிருப்பதால் செல்போனை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்துக்கொண்டு, ஷிப்டு இடைவேளையில் தேநீர் ஆறுவதற்குள் ஒரு மதில் துண்டை உயர்த்திவிட்டுத் திரும்புவார். அறுபது துண்டுகள் ஒரே நிறத்துக்கு வந்து, இன்னும் நாலே துண்டு பாக்கி என்று அவர் மகிழ்ந்திருந்த வாரத்தில் புதிய நிலை வந்து சேர்ந்தது; எல்லாவற்றையும் மறுபடி உயர்த்தவேண்டியதாயிற்று. “ணா, லேப்ல இன்னும் ஒம்பது நாள் இருக்குது, இந்த வார்ல என்னை வுட்டுடுங்க” என்று, குழுப்போரிலிருந்து விலக்குக் கேட்டு அவர் அனுப்பிய குரல் பதிவை நான் இரண்டு முறை கேட்டேன். திறமையில் அவர் எங்கள் எல்லோருக்கும் மேலானவர். எதிரியின் கோட்டையைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் பக்கம் இளகும் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரைத்தான் நிலை எண்ணில் குறைந்தவர் என்று வெளியே உட்கார வைக்கிறோம்.

ஒரு விளையாட்டு புதிய நிலைகளால் உயரமாகவும் வளரலாம், புதிய படைகளால் அகலமாகவும் வளரலாம். 1999-இல் வெளிவந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற கணினிப் போர் விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு 2022 ஏப்ரலில் இந்திய அரசுகளைப் பற்றிய ஒரு விரிவாக்கம் வந்தது. அதில் திராவிடர் என்ற புதிய நாகரிகமும், உருமி என்ற சுருள்வாளை வீசும் வீரரும், இராசேந்திரனின் படையெடுப்புகளும் இடம்பெற்றன. சுருள்வாளைத் திரையில் பார்த்த தமிழ்ப் பிள்ளைக்கு அது எத்தனை பெருமை! இருபது ஆண்டுகளாக ஆடிவந்தவரின் மதிலை அது ஒரு அடிகூடத் தாழ்த்தவில்லை. எதிர்கொள்ள ஒரு புதிய படையையும், யோசிக்க ஒரு புதிய வழியையும் மட்டுமே தந்தது.

ஆகவே, புதிய நிலைக்கு ஒன்றரை ஆண்டு இடைவெளி விட்டு, நடுவில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு புதிய படையோ, வலுக்குறைந்துபோன பழைய படைக்கு ஒரு திருத்தமோ தரலாம். அடுத்த நிலை வரும் மாதத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. ராணிப்பேட்டை நண்பரைப் போன்றவர்கள் முதலில் மதிலை முடிப்பதா, லேபை முடிப்பதா என்று கணக்குப் போட்டுக்கொள்வார்கள். வரும் ஞாயிறு வாரில் அவரையும் சேர்த்துத்தான் பட்டியல் போட்டிருக்கிறேன். வணக்கம்.