மேஸ்திரி சொன்ன இருபது நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் மராமத்து தொடங்கும் அன்று எல்லோரும் கேட்பது, "எத்தனை நாளில் முடியும் மேஸ்திரி?" என்பதுதான். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு, "இருபது நாள் சார்" என்பார். நாற்பத்தைந்தாம் நாளும் கூடத்து மூலையில் சிமெண்ட் மூட்டை சாய்ந்து கிடக்கும். ஏமாற்றிவிட்டார் என்று வீட்டுக்காரர் குமுறுவார். இந்த இருவருக்கும் நடுவில் பல ஆண்டுகள் நின்ற கட்டடப் பொறியாளன் நான். பெரும்பாலும் மேஸ்திரி பொய் சொல்வதில்லை. அவர் கணக்குப் போடுவது கூலி கொடுக்கும் நாட்களை மட்டும். பூச்சு காயும் நாளுக்குக் கூலி இல்லை. அதனால் அது அவர் கணக்கில் வருவதும் இல்லை.

ஒரு குளியலறையை எடுத்துக்கொள்வோம். பழைய டைல்ஸை உடைத்து, கீழே நிரப்பியிருக்கும் ஈரச் செங்கல் கழிவை அள்ளிக் கொட்ட மூன்று நாள். குழாய் பதிக்க இரண்டு நாள். அடுத்து, தண்ணீர் கசியாமல் தடுக்கும் பூச்சு. முதல் கை காய்ந்த பிறகுதான் குறுக்குவாக்கில் இரண்டாம் கை அடிக்க வேண்டும். அதுவும் காய்ந்ததும் வடிகுழாயைத் துணியால் இறுக அடைத்து, தளம் முழுக்கத் தண்ணீர் நிறுத்தி, சுவரில் நீர்மட்டத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு 48 மணி நேரம் விட்டுவிடுவோம். தண்ணீர் கோட்டைவிட்டு வெகுவாக இறங்கியிருக்கிறதா, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்போம்.

அந்த இரண்டு நாளில்தான் எனக்குத் தொலைபேசி வரும். "சார், ஆளையே காணோம்!" ஒருவர் பொறுக்கமாட்டாமல் அன்று மாலையே துணியை உருவித் தண்ணீரை வடித்துவிட்டு, மறுநாள் டைல்ஸ் ஒட்டச் சொல்லிவிட்டார். நான்கே மாதத்தில் கீழ்வீட்டுச் சமையலறையில் சொட்டத் தொடங்கியது. புது டைல்ஸை உடைக்கும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்கவே கூடாது.

காங்கிரீட்டும் அப்படித்தான். சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் 10 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்கச் சொல்கிறது இந்தியத் தர விதி 456. தளத்தைத் தாங்கக் கீழே கொடுத்த முட்டுக்கால்களைப் பிரிக்க, தளம் உட்காரும் சுவர்களுக்கோ உத்திரங்களுக்கோ நடுவில் உள்ள தூரம் 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். புதுப் பூச்சுச் சுவருக்கு வண்ணம் அடிக்க நான்கு வாரமாவது பொறுக்க வேண்டும்.

இங்கேதான் நம் காலண்டர் குறுக்கே வருகிறது. பொங்கலுக்குப் புதுவண்ணம் என்ற ஆசையில் ஐப்பசியில் பூச்சு வேலை தொடங்குகிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் சுவர் எங்கே காயும்? வண்ணம் அடிப்பவர்களும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் கைக்குக் கிடைக்கமாட்டார்கள். என்னைக் கேட்டால், ஆடியில் தொடங்குங்கள். புதுவீடு கட்டுபவர்கள் ஆடியில் பூசை போடுவதில்லை என்பதால் கொத்தனார்கள் கொஞ்சம் சுலபமாகக் கிடைப்பார்கள். ஆவணி முதல் வாரத்துக்குள் பூச்சை முடித்தால் புரட்டாசியில் வண்ணம் அடித்துவிடலாம். மாமியார் முகம் சுளித்தால், இது மராமத்துதான், புதுவீட்டுப் பூசை இல்லை என்று சொல்லிப் பாருங்கள்.

சுவரை உடைப்பதற்கு முன்பே டைல்ஸை வாங்கி வைத்துவிடுங்கள். பெட்டியில் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் பத்துப் பெட்டி குறைந்தால் அதே நிறம் கிடைக்கும்வரை வேலை நிற்கும். குடியிருந்துகொண்டே வேலை பார்த்தால், தினமும் சாமான்களை நகர்த்தவும் கூட்டிப் பெருக்கவுமே ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

இவ்வளவும் பேசுகிற நான், மகள் வளைகாப்புக்காக எங்கள் கூடத்துச் சுவருக்குப் பூச்சு முடிந்த பதினோராம் நாளே வண்ணம் அடிக்கச் சொன்னவன். "வேண்டாம் சார், சுவர் இன்னும் காயாமல் பச்சையாக இருக்கிறது" என்றார் மேஸ்திரி. நான் கேட்கவில்லை. படங்களில் சுவர் பளபளவென்றுதான் இருக்கிறது. மார்கழியில் உப்புப் பூத்து, வண்ணத்துக்கு அடியில் பூசிய பட்டி பொரிந்து, விரலால் தொட்டால் அப்பளம்போல் உதிர்ந்தது. அந்த வளைகாப்புக் குழந்தை இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மேஸ்திரி வீட்டுக்கு வந்தால், உட்காரும் முன் இன்றும் அந்தச் சுவரை ஒருமுறை தட்டிப் பார்க்கிறார்.

நன்றி, வணக்கம்.