நியூஜெர்சியில் செய்த வேலைக்கு நியூயார்க் ஏன் வரி கேட்கிறது?

(நியூஜெர்சித் தமிழர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே வந்திருக்கும் பலர் எடிசன், ஜெர்சி சிட்டி பக்கம் குடியிருந்துகொண்டு நியூயார்க்கின் மன்ஹாட்டன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். வீட்டுக்குப் போனதும் கம்பெனி ஆண்டுதோறும் தரும் சம்பள, வரிக் கணக்கான உங்கள் டபிள்யூ-2 படிவத்தில் 16-ஆம் கட்டத்தைப் பாருங்கள். நியூயார்க் என்று போட்டு உங்கள் முழுச் சம்பளமும் அங்கே இருக்கும். வாரத்தில் 3 நாள் வீட்டிலேயே லேப்டாப்பைத் திறந்து வேலை பார்த்தவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

காரணம், நியூயார்க்கின் ஒரு விதி. உங்கள் அலுவலகம் அங்கே இருந்து, நீங்கள் உங்கள் வசதிக்காக வீட்டிலிருந்து வேலை செய்தால், அந்த நாளும் நியூயார்க்கில் வேலை செய்த நாளாகவே கணக்காகும். வீட்டில் இருந்துதான் செய்தாக வேண்டிய வேலை என்று நிரூபித்தால் மட்டுமே விலக்கு. அதை நிரூபிப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

நான் நியூயார்க்குக்கு எதிராகப் பேச வரவில்லை. அந்த ஊருக்குப் போய் வேலை பார்க்கிறோம். அதன் சாலை, காவல், தீயணைப்பு எல்லாம் நமக்கும் பயன்படுகின்றன. அந்த நாட்களுக்கு வரி கேட்பது நியாயம்தான். வெளிமாநிலத்தவர் அங்கே ஈட்டும் வருமானத்துக்கு வரி விதிக்கலாம், ஆனால் உள்ளூர்க்காரருக்குத் தரும் விலக்கை அவர்களுக்கு மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1920-லேயே சொல்லிவிட்டது. என் கேள்வி, நாம் அங்கே காலே வைக்காத நாட்களைப் பற்றியது.

"அதுதான் நியூஜெர்சி கழித்துக்கொடுக்கிறதே, நமக்கென்ன நஷ்டம்?" என்று கேட்பீர்கள். சரி, இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வெளிமாநிலத்தில் கட்டிய வரியை நம் மாநிலம் நம் வரியில் கழித்துக்கொள்கிறது. ஆனால் நம் மாநில வரி எவ்வளவு வருமோ அதுவரைதான் கழிக்கும். நடுத்தர வருமானக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் நியூயார்க் வரிதான் அதிகம். அந்த வித்தியாசம் நம் பையிலிருந்து போகிறது. அதைவிடப் பெரிய இழப்பு மாநிலத்துக்கு. நியூஜெர்சியில் வருமான வரி 1976-இல் வந்தது. அந்தப் பணம் சொத்து வரிச் சுமையைக் குறைக்கத்தான் போக வேண்டும் என்று மாநில அரசியலமைப்பே சொல்கிறது. சொத்து வரி ரசீது வரும்போதெல்லாம் நாம் பெருமூச்சு விடுகிறோமே, அதைக் குறைத்திருக்கக்கூடிய பணத்தில் ஒரு பகுதி ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூயார்க்குக்குப் போய்விடுகிறது. நம் பிள்ளைகள் படிப்பதும், நம் வீட்டுக் குப்பையை அள்ளுவதும் இங்கேதான்.

கனெக்டிகட்காரர் ஒருவரின் நிலை இன்னும் மோசமானது. எட்வர்ட் செலின்ஸ்கி என்ற சட்டப் பேராசிரியர் நியூயார்க்கில் வகுப்பெடுத்துவிட்டு, எழுத்து வேலையைக் கனெக்டிகட்டில் தன் வீட்டிலிருந்து செய்தார். வீட்டில் இருந்த நாட்களுக்கும் நியூயார்க் வரி கேட்டது. "அது எங்கள் மண்ணில் செய்த வேலை, கழித்துத் தர முடியாது" என்றது கனெக்டிகட். ஒரே சம்பளத்துக்கு இரண்டு வரி. 2003-இல் நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

எல்லையோரச் சிக்கல் நமக்கு மட்டும் உள்ளதல்ல. வாஷிங்டன் மாநில வான்கூவரில் குடியிருந்து ஓரிகனின் போர்ட்லாண்டுக்கு வேலைக்குப் போகிறவர், ஓரிகனுக்கு வருமான வரி கட்டுகிறார்; வீடு திரும்பிக் கடைக்குப் போனால் வாஷிங்டனின் விற்பனை வரி. சம்பளத்துக்கு வரியே இல்லாத மாநிலத்தில் எதில் கழிப்பது? இதற்கு நேர்மாறாக, தலைநகர் வாஷிங்டன் டி.சி. வெளியூர்க்காரரின் சம்பளத்தில் ஒரு காசு வரி போட முடியாது. 1973-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே தடுத்துவிட்டது. தினமும் வந்து போகிறவர்களுக்கான செலவு மட்டும் அந்த ஊர் தலையில். இதுவும் நியாயமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என்னை உண்மையில் உறுத்துவது இன்னொன்று. நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் நம் வரியைத் தீர்மானிக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு நாம் ஓட்டுப் போட முடியாது. ஓட்டில்லாதவரிடம் வரியைக் கூட்டினால் எந்த அரசியல்வாதிக்கும் தேர்தலில் வலிக்காது. நியூஹாம்ஷயர் இதைத் துணிந்தே செய்தது: சொந்த மக்களின் சம்பளத்தை விட்டுவிட்டு, வெளியிலிருந்து வேலைக்கு வருபவர்களிடம் மட்டும் வரி வாங்கியது. 1975-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே நியூஹாம்ஷயர், கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்த தன் மக்களிடம் மாசசூசெட்ஸ் வரி வாங்கியதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021-இல் நீதிமன்றம் வழக்கையே எடுத்துக்கொள்ளவில்லை.

தீர்வு இல்லாமல் இல்லை. நியூஜெர்சியும் பென்சில்வேனியாவும் 1970-களிலேயே உடன்பாடு செய்துகொண்டன: சம்பளத்துக்கு மாநில வரி, குடியிருக்கும் மாநிலத்தில் மட்டும். 2016-இல் ஆளுநர் கிறிஸ்டி அதை முறிக்கப் பார்த்தார். எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டு பின்வாங்கினார். ஆக, மக்கள் சத்தம் போட்டால் கேட்கிறது. 2023-இல் நியூஜெர்சி, நியூயார்க்குக்குப் பதிலடியாக அதே மாதிரி விதியைக் கொண்டுவந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே குடியிருந்து இங்குள்ள கம்பெனிக்கு வேலை செய்பவரும் நம்மைப் போன்ற சம்பளக்காரர்தானே!

வேலை செய்த நாள் எந்த மாநிலத்திலோ, அந்த நாளுக்கு மட்டும் அந்த மாநிலம் வரி வாங்கட்டும். இதை நாடு முழுவதற்கும் சட்டமாக்க நாடாளுமன்றத்தால் முடியும். மசோதா பல முறை வந்து நின்றுபோயிருக்கிறது. உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள், இந்த மசோதாவில் அவர் நிலை என்ன என்று கேளுங்கள். அப்புறம், எந்த நாள் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று இன்றிலிருந்தே தேதியோடு குறித்து வையுங்கள். வழக்கோ, சட்டத் திருத்தமோ எது வந்தாலும் முதலில் கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.

நன்றி, வணக்கம்.