கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். பித்தநாளக் கல்லுக்கு நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். ஒரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் இருக்கிறேன். நோயாளிகளை வைத்து ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால் முதலில் இந்தக் குழு சம்மதிக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர், அதில் பாதிப் பேர் வெளியாட்கள், சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவர் என்பது விதி. அந்தச் சாதாரண ஆள் நான்தான். ஆய்வில் சேர நோயாளி கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தைப் படித்துவிட்டு, 'இது எங்கள் தெருவில் யாருக்கும் புரியாதே' என்று திருப்பி அனுப்புவதுதான் பெரும்பாலும் என் வேலை.

பித்தப்பையில் கல் இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. அது அங்கேயே கிடந்தால் பெரும்பாலும் பெரிய தொந்தரவில்லை. நழுவிப் பித்தநாளத்தில் இறங்கினால் வம்பு. பித்தம் குடலுக்குப் போகும் வழி அடைபடும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கருக்கும், மலம் வெளுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். நம்மூரில் கண் மஞ்சளானால் முதலில் கீழாநெல்லியைத் தேடுவோம். ஆனால் அடைப்பினால் வந்த மஞ்சளுக்கு அடைப்பை எடுத்தாக வேண்டும். கூடவே குளிர் நடுக்கமும் காய்ச்சலும் இருந்தால் காத்திருக்கவே கூடாது.

இப்போது பெரும்பாலும் ஈ.ஆர்.சி.பி. என்ற முறையில் கல்லை எடுக்கிறார்கள். வாய்வழியாகக் குழாயை விட்டு, சிறுகுடலில் பித்தநாளம் வந்து திறக்கும் இடத்தைக் கொஞ்சம் கீறி, சிறு பலூனாலோ கம்பிக் கூடையாலோ கல்லை இழுத்துவிடுவார்கள். இப்படிக் கீறுவதை 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தொடங்கினார்கள்.

ஐம்பது வருடம் ஆன வைத்தியத்தில் இன்னும் என்ன சோதனை என்று நானும் குழுவில் கேட்டிருக்கிறேன். இந்தத் துறையில் பல ஆய்வுகள் புது மருந்தைப் பற்றியவை அல்ல. எதை முதலில் செய்வது, எப்போது செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்பவைதான் கேள்விகள். பித்தப்பையிலும் நாளத்திலும் கல் இருந்தால் சிறு துளை வழியாகச் செய்யும் ஒரே லேப்ராஸ்கோப்பி அறுவையில் இரண்டையும் முடிப்பதா, முதலில் ஈ.ஆர்.சி.பி. செய்துவிட்டு அப்புறம் பித்தப்பையை எடுப்பதா? டெல்லி எய்ம்ஸில் 168 பேரிடம் இதைப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். கல்லை எடுப்பதில் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒரே அறுவையில் முடித்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவில் நடந்த ஆய்வு. ஈ.ஆர்.சி.பி. முடிந்த கையோடு சிலருக்குக் கணையம் வீங்கிவிடும். கணைய நாளமும் அதே இடத்தில் திறப்பதால் வரும் வினை. இண்டோமெத்தசின் என்ற பழைய, மலிவான வலி மருந்தை ஆசனவாய் வழியாக வைத்துப் பார்த்தார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கல் நோயாளிகள் அல்ல, கணைய வீக்கம் வரும் வாய்ப்பு அதிகமுள்ள வேறு நோயாளிகள். ஆனால் செய்த சிகிச்சை இதே ஈ.ஆர்.சி.பி.தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே சேராத போலி மருந்து வைத்தவர்களில் 16.9 சதவீதம் பேருக்கு வீக்கம் வந்தது, உண்மையான மருந்து வைத்தவர்களில் 9.2 சதவீதம். 948 பேரைச் சேர்க்க நினைத்திருந்தார்கள். பலன் தெளிவாகத் தெரிந்ததால் 602 பேரோடு நிறுத்தி, 2012இல் வெளியிட்டார்கள்.

கூடுதலாகச் செய்வதுதான் எப்போதும் ஜெயிக்கும் என்றும் இல்லை. பித்தக் கல்லால் கணையம் கடுமையாக வீங்கக்கூடும் என்று கணித்த, ஆனால் பித்தநாளத்தில் கிருமித் தொற்று இல்லாத 232 பேரை நெதர்லாந்தில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்துக்கு உடனே ஈ.ஆர்.சி.பி., மறு பக்கத்துக்குப் பொறுத்துப் பார்ப்பது. உடனே செய்ததால் குறிப்பிடும்படியான நன்மை எதுவும் கிடைக்கவில்லை என்று 2020இல் தெரிந்தது. 'எனக்கு மட்டும் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவார்களோ' என்று பயப்படுபவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு பயம், 'நம்மைச் சோதனை எலி ஆக்குகிறார்கள்' என்பது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முடிவு செய்யும், டாக்டர் முடிவு செய்யமாட்டார். கேட்க ஒருமாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டில் எது நல்லது என்று டாக்டருக்கே உண்மையில் தெரியாதபோதுதான் குலுக்கல் நியாயம். தெரிந்துவிட்டால், அமெரிக்காவில் செய்தது மாதிரி நிறுத்திவிட வேண்டும்.

ஆகவே படிவத்தை நீட்டினால் ஒன்று கேளுங்கள்: 'நான் இதில் சேராவிட்டால் எனக்கு என்ன வைத்தியம் செய்வீர்கள்?' நேரான பதில் வந்தால் மேலே பேசலாம். 'அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். கூடுதல் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் யார் பணம் கட்டுவார்கள், எத்தனை முறை திரும்ப வர வேண்டும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

எங்கள் குழுவில் அதிகம் சண்டை நடப்பது நேரத்தைப் பற்றித்தான். கண் மஞ்சளாகி, காய்ச்சலில் நடுங்குகிறவரிடம் ராத்திரியில் ஆறு பக்கப் படிவத்தைக் கொடுத்தால் அவர் எதைப் படிப்பார்? 'போடுங்கப்பா, டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்பார் மகன். அது சம்மதமே இல்லை என்பது என் கட்சி. அவசரம் இல்லாத கல்லென்றால் படிவத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முன்னால் வாய்விட்டுப் படித்துக் காட்டி, அதன் பிறகுதான் கைரேகை வாங்க வேண்டும்.

சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகியதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்தக் கூடாது. புது மருந்துச் சோதனை என்றால், அதனால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் சி.டி.ஆர்.ஐ. என்ற இணையப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். உங்களிடம் சொன்ன ஆய்வுக்கு அதில் பதிவெண் இருக்கிறதா என்று வீட்டில் படித்த பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். படிவத்திலேயே நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் இருக்கும். டாக்டரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால் அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எங்களுக்கு வரும் அழைப்புகள் ரொம்பக் குறைவு. நன்றி, வணக்கம்.