பசுண்டாங் ஓடையில பிடிச்சது யாரு?

நடுவர் ஐயா, மேடையில இருக்கற பெரியவங்க, மழையில நனைஞ்சுகிட்டே வந்து உட்கார்ந்திருக்கற ரங்கூன் ஜனங்க, எல்லாருக்கும் வணக்கம். தலைப்பு உங்களுக்குத் தெரியும், பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு நியாயத்தைக் கொண்டு வர்றது உள்நாட்டோட எதிர்வினையா, உலக நாடுகளோட எதிர்வினையா. நான் உள்நாடுதான்னு பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி அக்கா 2001 செப்டம்பர் 11ஐ எடுத்துக்கிட்டாங்க, மறுநாளே நேட்டோ கூடிச்சு, அந்த மாசமே ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 1373ங்கற தீர்மானத்தைப் போட்டுச்சு, உலகமே ஒண்ணா நின்னுச்சுன்னு சொன்னாங்க. நல்லா பேசினாங்க, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அக்கா, நியூயார்க் வரைக்கும் ஏன் போகணும், நாம உட்கார்ந்திருக்கற இந்த ஊர்லயே, ஷ்வேடகோன் பகோடாவோட வடக்கு வாசலுக்கு எதிர்ல, அந்த தியாகிகள் மண்டபத்துல ஒரு குண்டு வெடிப்பு நடந்துச்சே. அங்க வாங்க.

1983 அக்டோபர் 9, ஞாயித்துக்கிழமை. நவராத்திரி நேரம். எனக்கு ஒம்பது வயசு, அம்மா கூட கொலுவுக்கு சுண்டல் ஊற வெச்சுகிட்டு இருந்தேன். தென் கொரியா ஜனாதிபதி சுன் டூ ஹ்வான் முந்தின நாள்தான் ரங்கூன் வந்து இறங்கினவர், அந்த மண்டபத்துல இருக்கற, பர்மா சுதந்திரத் தலைவர் ஆங் சான் சமாதிக்கு மலர் வளையம் வைக்க வர்றதா இருந்துச்சு. அவரோட மந்திரிங்க எல்லாம் முன்னாடியே வந்து வரிசையா நிக்கறாங்க. அவரு கார் கொஞ்சம் லேட். அதுக்குள்ள பியூகிள்ங்கற ராணுவ ஊதுகொம்பு ஊதற ஆளு ஒத்திகைக்கு ஒருவாட்டி ஊதிப் பார்த்தாரு, அந்த சத்தத்தைக் கேட்டு ஜனாதிபதி வந்துட்டாருன்னு நினைச்சு தூரத்துல இருந்தவன் பட்டனை அமுக்கிட்டான். கூரையில மறைச்சு வெச்ச குண்டு. 21 பேர் போயிட்டாங்க. வெளியுறவு மந்திரி லீ பும் சோக், துணைப் பிரதமர், இன்னும் ரெண்டு மந்திரி எல்லாம் சேத்து கொரியாக்காரங்க 17 பேர், நம்ம பர்மாக்காரங்க 4 பேர். காயம் பட்டவங்க 46 பேர்.

அந்த நிமிஷம் உலகம் என்ன பண்ணுச்சு? கண்டனம் அனுப்புச்சு, இரங்கல் அனுப்புச்சு. அது தப்பில்ல, செத்த வீட்டுக்கு நாலு பேர் வந்து துக்கம் கேக்கறது மரியாதைதான். ஆனா கொலை பண்ணவன் யாருன்னு யாருக்காவது தெரியுமா அன்னைக்கு? ஒருத்தருக்கும் தெரியாது.

தெரிய வெச்சது யாரு? இதை நல்லா கேளுங்க ஐயா. குண்டு வெச்சவனுங்க மூணு பேரும் ஊரை விட்டுத் தப்பிக்க ஆத்தைத் தேடிப் போனாங்க. மறுநாள் ராத்திரி பசுண்டாங் ஓடையில ஒருத்தன் இருட்டுல நீந்திப் போறதைக் கரையில இருந்த ஜனங்க பார்த்துட்டாங்க. ஐ.நா. பார்க்கல, அமெரிக்கா பார்க்கல, ஓடைக்கரை ஜனங்க பார்த்தாங்க. சத்தம் போட்டாங்க, ஆள் கூடிச்சு, அவன் கையெறி குண்டை எடுத்தான், அது அவன் கையிலேயே வெடிச்சு கையும் கண்ணும் போய் உயிரோட மாட்டினான். மத்த ரெண்டு பேரும் ஆத்துப் பக்கம் ஒரு கிராமத்துல போய் ஒதுங்க, அங்க இருந்த ஜனங்களுக்கு சந்தேகம் வந்து தகவல் சொல்ல, ஒருத்தன் அங்கயே செத்தான், காங் மின் சுல்ங்கறவன் கை போய் பிடிபட்டான். கடைசியில உண்மையைக் கக்கினவன் இந்த காங் மின் சுல்தான். வட கொரியா ராணுவத்து ஆளுங்க, மேலிடத்து உத்தரவுல வந்தவங்கன்னு அப்பதான் வெளிய வந்துச்சு.

எதிரணியில தம்பி ஒருத்தர் கணக்கு சொன்னாரு, ஜப்பான் தடை போட்டுச்சு, கோஸ்டா ரிக்கா, கொமொரோஸ், மேற்கு சமோவா எல்லாம் வட கொரியாவோட உறவையே முறிச்சுகிட்டாங்க, இது உலகத்தோட பதில் இல்லையான்னு கேட்டாரு. தம்பி, தேதியைப் பாருங்கப்பா. பர்மா விசாரணையை முடிச்சு, இதை செஞ்சது வட கொரியாதான்னு அறிவிச்சு, தூதரகத்துக்காரங்களை 48 மணி நேரத்துல கிளம்புன்னு சொல்லி, அந்த நாட்டுக்குக் கொடுத்த அங்கீகாரத்தையே வாபஸ் வாங்கினது 1983 நவம்பர் 4ஆம் தேதி. நீங்க சொன்ன நாடுங்க எல்லாம் நடவடிக்கை எடுத்தது அதுக்குப் பிறகு. ரங்கூன்ல எழுதின ஃபைல் இல்லேன்னா அவங்க எதை வெச்சு முறிச்சிருப்பாங்க? வட கொரியாவோ நாங்க இல்ல, இது தெற்கோட நாடகம்னு மறுத்துகிட்டு இருந்துச்சு. அந்த மறுப்பு எடுபடாமப் போனதே பிடிபட்ட ஆளு இங்க உயிரோட இருந்ததாலதான்.

இன்னொண்ணு. பர்மாவுக்கு வட கொரியா அன்னைக்கு எதிரி நாடு இல்ல, நல்ல உறவுல இருந்த நாடு. மூடி மறைச்சிருக்கலாம். உள்ளூர் கலகக்காரன் எவன் தலையிலயாவது கட்டியிருக்கலாம். அப்படிச் செய்யல, பிடிபட்ட ரெண்டு பேரையும் கோர்ட்டுல நிறுத்தினாங்க, டிசம்பர்ல தீர்ப்பு வந்துச்சு, ஓடையில மாட்டினவனை 1985ல தூக்குல போட்டாங்க, வாக்குமூலம் கொடுத்த காங் மின் சுல்லை இன்செயின் ஜெயில்ல வெச்சாங்க. அப்ப நடந்த நே வின்னோட ராணுவ ஆட்சியில நம்ம ஜனங்க பட்ட பாடு எனக்குத் தெரியும், எங்க தாத்தா கடையும் 1964ல சர்க்கார் கைக்குப் போனதுதான், அந்த ஆட்சிக்கு நான் மாலை போட வரல. ஆனா இந்த ஒரு விஷயத்துல ஆளைத் தேடிப் பிடிச்சு உண்மையை சொன்னாங்க, அதை நான் மறைக்க முடியாது.

உள்நாட்டு எதிர்வினைல கெடுதலே இல்லையான்னு அக்கா கேப்பாங்க. இருக்கு. இந்த குண்டுக்குப் பிறகுதான் ராணுவ உளவுத்துறையை மாத்தி அமைச்சாங்க, கின் நியுன்ட் தலைமைக்கு வந்தாரு, அதுக்கப்புறம் இருபது வருஷம் டீக்கடையில உட்கார்ந்து ஒரு வார்த்தை பேச முடிஞ்சுதா நம்மளால? பக்கத்து மேசையில யாருன்னு பார்த்துதானே பேசினோம். இதையும் என் பக்கத்துக்கே எடுத்துக்கறேன் ஐயா, ஏன்னா நல்லதோ கெட்டதோ ஜனங்க வாழ்க்கையை மாத்தினது இங்க எடுத்த முடிவுதான், வெளியூர்ல போட்ட தீர்மானம் இல்ல. அதனாலதான் உள்நாடு எப்படி நடந்துக்குதுன்னு நாம இவ்வளவு கண்ணு வெச்சுப் பார்க்கணும்னு சொல்றேன்.

நியூசிலாந்தைப் பாருங்க, 2019 மார்ச் 15, கிரைஸ்ட்சர்ச்ல ரெண்டு மசூதியில 51 பேரை ஒருத்தன் சுட்டுக் கொன்னான். ஒரு மாசம் ஆகறதுக்குள்ள அந்த நாட்டுப் பார்லிமென்ட் அவன் சுட்ட மாதிரி துப்பாக்கிக்குத் தடை போட்டுச்சு, 119 பேர் ஆதரவு, ஒரே ஒருத்தர் எதிர்ப்பு. எந்த வெளிநாடு வந்து அதைப் பண்ணித் தர முடியும்?

சரி, 2007ல பர்மாவே வட கொரியாவோட மறுபடி கை குலுக்கிடுச்சே, உங்க உள்நாடும் மறந்துடுச்சேன்னு தம்பி கேட்டாரு. நியாயமான கேள்வி, எனக்கும் அது வலிக்குது. ஆனா அந்த வருஷமும் காங் மின் சுல் இன்செயின்லதான் இருந்தான். அனுப்பின நாடு அவனை எங்க ஆளே இல்லேன்னுடுச்சு, வேற எந்த நாட்டுக்கும் அவன் போய்ச் சேரல, 25 வருஷம் கிடந்து 2008ல செத்தான். அவனுக்கு சோறு போட்டது, காவல் காத்தது, கடைசியில எடுத்துப் போட்டது இந்த ஊருதான். உலகத்தோட பதில் 1983லயே பேப்பரோட முடிஞ்சு போச்சு தம்பி.

மணி அடிச்சுட்டாங்க, ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன் ஐயா. அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் அப்பா ரேடியோவை விட்டு நகரல. அம்மா கேட்டாங்க, யாராம்? அப்பா சொன்னாரு, இன்னும் சொல்லல, ஆனா நம்ம ஆளு மாதிரி முகம் இருக்கற எவன் பேரும் வந்துடக் கூடாது. ஒம்பது வயசுல எனக்கு அது புரியல. இந்த ஊர்ல அந்நியன்னு ஒருவாட்டி பேர் எடுத்த ஜனங்களுக்குத்தான் அந்த பயம் புரியும், குண்டு எங்க வெடிச்சாலும் முதல்ல நம்ம வாசலைத்தான் பார்ப்போம். அன்னையிலிருந்து பஸ்ல ஏறினா அம்மா என் வாயில விரல் வெச்சுடுவாங்க, தமிழ்ல பேசாதேன்னு. ஸ்கூல் போற வழி முழுக்க கையைப் பிடிச்சுகிட்டு மௌனமா வருவாங்க, ஏதாவது கேட்டா பர்மிய மொழியில ஒரு வார்த்தை, அவ்வளவுதான். நவம்பர்ல யார் செஞ்சதுன்னு சர்க்கார் அறிவிச்ச மறுநாள், அதே பஸ்ல, ஜன்னலோரம் உட்கார்ந்துகிட்டு, அம்மா எங்கிட்ட சத்தமா கேட்டாங்க, "ஏண்டி, சாயங்காலம் உனக்கு இடியாப்பம் வேணுமா, ஆப்பம் வேணுமா?"