கரண்டி போடாத சோறு

(புதுச்சேரியில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்க ஆண்டு விழாவில் பேசியது. குறிப்பு வைத்துக்கொண்டு பேசும் வழக்கம் எனக்கு இல்லை, நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய செயலாளர் அவர்களே, தன் வீட்டு வாசலை மேடையாகக் கொடுத்து, மின்விசிறியையும் கொடுத்துவிட்டு உள்ளே வியர்த்துக்கொண்டிருக்கும் பொருளாளர் அவர்களே, ஆறு மணிக்கே வந்துவிடுவதாக வாக்களித்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே (நாற்காலி காத்திருக்கிறது, சால்வையும் காத்திருக்கிறது), முன்வரிசையில் இடம் பிடித்துவிட்ட முத்தியால்பேட்டைத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான் முனைவர் இல்லை. ‘அரசியலில் வாய்மை’ என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு அழைப்பிதழிலேயே பொய் சொல்லலாமா? முதலில் அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டேன்.

பொய் மூன்று வகை. தேர்தலுக்கு முன் சொல்வது, தேர்தலுக்குப் பின் சொல்வது, எப்போதுமே வாய் திறக்காமல் சாதிப்பது. மூன்றையும் வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சாப்பாட்டுக் கதை.

நாங்கள் நான்கு நண்பர்கள். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் இரவுச் சாப்பாடு. ஓட்டலில் வாங்கிவரக் கூடாது. ஒருவர் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் மளிகைக் கடைக்காரர், நான் தமிழாசிரியர். நாலு பேருக்கும் நாலு கட்சி. சாப்பிடும்போது அரசியல் பேசக் கூடாது என்று விதி வைத்திருக்கிறோம். குழம்பைத் தாண்டி ரசம் வருவதற்குள் அது காலாவதியாகிவிடும்.

போன மாதம் மளிகைக் கடைக்காரர் வீடு. காலையிலேயே பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ச் சங்கரா வாங்கி வந்திருந்தார். மாங்காய் போட்ட குழம்பில் எண்ணெய் பிரிந்து சிவப்பாக நின்றது. மீன் சாப்பிடாத எனக்காகப் பூசணிக்காய்க் கூட்டு. வழக்கறிஞர் ஆரம்பித்தார்: மேடையில் சொன்னதை மறுநாளே ‘நான் சொல்லவே இல்லை’ என்று ஒருவர் மறுக்கிறாராம், வீடியோ இருக்கும்போதே. நான் வழக்கம்போல, “முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார்” என்றேன். இந்தப் பழமொழியை நான் வாரத்துக்கு நாலு தரம் சொல்கிறேன் என்று என் மனைவி கணக்கு வைத்திருக்கிறாள்.

கடைக்காரர் பிசைந்த கையை நிறுத்தினார். “வாத்தியாரே, ஏன் மறைக்க முடியாது? சோறு நிறைய இருந்தால்?”

அவ்வளவுதான். லைன்மேன் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். குழந்தையின் தலை அளவுக்கு ஒரு பூசணிக்காய் மிச்சம் இருந்தது. வழக்கறிஞர் ஆட்சேபம் எழுப்பினார்: இது பூசணியே அல்ல, பரங்கி, பழமொழி செல்லாது. அந்த வாதத்தை ஒத்திவைத்தோம். காயைக் கழுவிக் குண்டானில் வைத்தோம். எங்களுக்கு வடித்த சோறு பாதிக்குத்தான் ஏறியது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் சோறு கடன் வந்தது. எதற்கு என்று கேட்டவர்களிடம் விருந்தாளிகள் வந்திருப்பதாகச் சொன்னோம். வாய்மையைப் பற்றிய ஆராய்ச்சியே ஒரு பொய்யில்தான் தொடங்கியது, கவனியுங்கள்! எல்லாம் கொட்டியும் காம்பு மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நின்றது. காம்பை வெட்டலாமா? ‘முழு’ என்றால் காம்போடுதான் என்று வழக்கறிஞர் விடவில்லை. கடைசியில் கடைக்காரர் ஓர் அப்பளத்தை எடுத்து அதன்மேல் கவிழ்த்தார். பூசணிக்காய் போன இடம் தெரியவில்லை. “பழமொழி தோற்றது” என்று என் முதுகில் தட்டினார்.

அப்போது கடைக்காரரின் மனைவி, எங்களுக்கு அண்ணி, வந்தார்கள். குண்டானைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள். கரண்டியை எடுத்துச் சோற்றில் ஒரு குத்து. டொக்கென்று சத்தம். “கரண்டி போடுகிற வரைக்கும் எதையும் மறைக்கலாம். நாலு பேரும் உட்கார்ந்து இந்தச் சோறு முழுவதையும் தின்றுவிட்டு எழுந்திருங்கள்” என்றார்கள். தின்றோம்.

இரவு படுத்தும் எனக்கு அந்தச் சத்தம் போகவில்லை. புதுச்சேரியில் கரண்டி யார் கையில் இருக்கிறது? சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு தொகுதி முழுக்க வேலை; அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குப் போட்ட இந்தக் காலி நாற்காலியைப் பார்த்தபடி சொல்லவும் மாட்டேன். நம் தெரு வாய்க்காலுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு சிமெண்ட் போட்டார்கள் என்று கேட்க வேண்டியவர் வார்டு உறுப்பினர். நாம் பால் வாங்கும் கடையில்தான் அவரும் வாங்குவார். முகத்தை மறைத்துக்கொண்டு போக முடியாது. அந்த வார்டு உறுப்பினர் எங்கே?

1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006இல் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. 2021இல் தேதிகூட அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டு வழக்கில் நின்றுபோனது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். ஐந்து நகராட்சிகள், பல கிராமங்களைச் சேர்த்த பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகள், அவற்றுக்குள் கிராமப் பஞ்சாயத்துகள். அத்தனையும் அதிகாரிகள் கையில். இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று பிரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. முழுப் பூசணிக்காயை மூடுவதில் எல்லோருமே ஆளுக்கொரு கைச் சோறு போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று சொல்கிறேன், இளைஞர்கள் கேட்க வேண்டும். 1954 அக்டோபர் 18, கீழூர். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாம் இந்தியாவோடு சேர்வதா என்று வாக்கெடுப்பு. வாக்களித்தவர்கள் 178 பேர். 170 பேர் சேர வேண்டும் என்றார்கள், எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். யார் அந்த 178 பேர்? பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும்! பிரெஞ்சுக்காரர் காலத்துத் தேர்தல் யோக்கியமாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அடிதடியும் கள்ள வாக்கும் ஊரறிந்தவை. ஆனாலும் நம்மை இந்தியாவில் சேர்த்த கைகளில் வார்டுக்காரர் கைகளும் இருந்தன. இன்று இந்த ஊரில் வார்டுக்காரர் என்றொரு ஆளே கிடையாது.

கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. மறுபடியும் அழகாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். சாயங்காலம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் எடுத்துக்கொண்டேன். நகராட்சிக்கென்று 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கட்டடம் திரும்ப வந்துவிட்டது. நாம் தேர்ந்தெடுக்கும் மன்றம் வரவில்லை.

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். தேர்தலுக்குப் பின் சொல்லும் பொய்யைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். அடுத்த ஆண்டு கூப்பிட்டால் சொல்கிறேன். மூன்றாவதைத்தான் இவ்வளவு நேரம் பேசியிருக்கிறேன் போலிருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலை நடத்தக் கோரும் மனு, பின்பக்கம் பஜ்ஜி வைத்திருக்கும் மேசையிலேயே இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஜ்ஜியைத் தொடுங்கள். எண்ணெய்க் கையோடு தாளைத் தொடாதீர்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம், போன தடவை மூன்று பேனா போய்விட்டது. நன்றி, வணக்கம்.