இரைச்சலை மூடும் அருவி: நியூயார்க்கின் பேலி பூங்கா

(காட்சி: மன்ஹாட்டன், கிழக்கு 53ஆம் தெரு. வாகன நெரிசல், ஹாரன் ஒலி.)

வணக்கம். ஐந்தாவது அவென்யூவிலிருந்து இந்தத் தெருவுக்குள் திரும்புகிறவர்களின் காதில் முதலில் விழுவது வாகன இரைச்சல்தான். சிறிது தூரம் நடந்ததும் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அருவி கொட்டும் ஓசை கேட்கத் தொடங்குகிறது. இத்தனை பெரிய கட்டடங்களுக்கு நடுவே அருவி எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தால், வரிசையில் ஒரே ஒரு கட்டடத்தை மட்டும் எடுத்துவிட்டாற்போன்ற இடைவெளியில், மர நிழலும் நாற்காலிகளுமாக ஒரு பூங்கா தெரிகிறது.

உண்மையிலேயே அங்கே ஒரு கட்டடம் இருந்தது. ஸ்டார்க் கிளப் என்ற புகழ்பெற்ற இரவு விடுதி இடிக்கப்பட்ட மனையை, சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்தை வளர்த்தெடுத்த வில்லியம் பேலி, தம் தந்தை சாமுவேல் பேலியின் நினைவாகப் பூங்காவாக்கினார். 1967 மே மாதம் அது திறக்கப்பட்டது. தனியார் அறக்கட்டளையின் பராமரிப்பில் இருந்தாலும், யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி உள்ளே வந்து அமரலாம்.

(காட்சி: பூங்காவின் தரைப்படம்.)

இதன் அகலம் 42 அடி, நீளம் 100 அடி. மொத்தம் 4,200 சதுர அடி என்பதைச் சென்னைக் கணக்கில் சொன்னால் ஒன்றே முக்கால் கிரவுண்டு. நம் ஊரில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பிவிடும் இவ்வளவு சிறிய மனையை, நிலத்தோற்றக் கலைஞர் ராபர்ட் சயான் திறந்தவெளி அறையாகக் கருதி வடிவமைத்தார். கொடி படர்ந்த இரு பக்கச் சுவர்களும் கல் பாவிய தரையும் அந்த அறைக்கு உண்டு. பன்னிரண்டு அடி இடைவெளியில் நட்ட ஹனி லோகஸ்ட் மரங்களே அதன் கூரை. புளிய இலையை நினைவூட்டும் சிறு சிறு இலைகள் கொண்ட மரம் அது. வெயிலை முழுவதும் மறைக்காமல் சலித்து அனுப்புவதால், நெருக்கமாக நட்டிருந்தும் கீழே இருட்டுவதில்லை.

(காட்சி: அருவிச் சுவர், மிக அருகில்.)

அறையின் பின்சுவர் முழுவதும் அருவி. 20 அடி உயரத்திலிருந்து நிமிடத்திற்கு 1,800 கேலன், அதாவது ஏறத்தாழ 6,800 லிட்டர் தண்ணீர் கொட்டுகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை இரண்டு நிமிடத்திற்குள் நிரப்பிவிடக்கூடிய வேகம் இது. அருகில் நின்றால் அருவியின் ஓசை தெருவின் ஓசையைவிடப் பெரிதாகவே கேட்கும். அப்படியிருந்தும் உள்ளே அமர்ந்தவர்கள் இவ்விடத்தை அமைதியானது என்கிறார்கள். ஹாரன், பிரேக், யாரோ கூப்பிடும் குரல் என்று திடீர் திடீரென மாறும் ஒலிகள்தான் நம் கவனத்தைப் பிடித்து இழுக்கின்றன. கீழ்ச்சுருதி, மேல்சுருதி எல்லாம் கலந்து ஒரே சீராக ஒலிக்கும் அருவி அந்த மாற்றங்களை மூடிவிடுகிறது. சற்று நேரத்தில் அருவியையும் காது மறந்துவிடுகிறது. அடுத்த மேசையில் பேசுவதும் தெளிவாகக் கேட்காது என்பதால், நெருங்கி அமர்ந்திருந்தும் மனம்விட்டுப் பேச முடிகிறது.

அருவிக்கு நிகராக நான் மதிப்பது இங்குள்ள நாற்காலிகளை. அவை தரையோடு பிணைக்கப்படாதவை. நகரப் பொதுவெளிகளில் மக்கள் எப்படி அமர்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், ஒரு சிறு செயலைக் கவனித்தார். அமர வருகிறவர் நாற்காலியைச் சில அங்குலம் நகர்த்துகிறார். சில வேளை அது முன்பிருந்த இடத்துக்கே மறுபடியும் வந்து நிற்கிறது. அதன் பிறகுதான் அவர் அமர்கிறார். நிழலும் வெயிலும் அப்படியே இருக்க, அந்த நகர்த்தலால் நாற்காலி அவருடையதாகிவிடுகிறது. அசைக்க முடியாத சிமெண்ட் பெஞ்சு இந்த உரிமையை ஒருபோதும் தராது.

(காட்சி: நடைபாதையிலிருந்து பூங்காவின் முகப்பு.)

தெருவுக்கும் பூங்காவுக்கும் இடையே உள்ளவை தாழ்வான சில படிகள் மட்டுமே. உள்ளே வரும் எண்ணமே இல்லாமல் நடந்து போகிறவரும், நின்று யோசிக்காமல் ஏறிவிடக்கூடிய உயரம் அது. ஏறாதவர்களையும் வைட் கவனித்தார். கடந்து செல்வோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் உள்ளே திரும்பிப் பார்த்தார்கள் என்றும், அவர்களிலும் பாதிப்பேர் முகத்தில் புன்னகை வந்தது என்றும் அவர் எழுதி வைத்தார்.